தரிசு என்ற சொல்லின் விலை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்க இலக்கியமும் சிறுகதையும் பேசப்பட்டுவந்த இந்த மேடையில், சுற்றுச்சூழல் கொள்கையையும் தூய எரிசக்தியையும் பொருளியல் எவ்வாறு ஆராய்கிறது என்று பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். கணக்குக்கும் கவிதைக்கும் என்ன உறவு என்று முன்வரிசையில் சிலருடைய முகம் கேட்பது எனக்குத் தெரிகிறது. உறவு உண்டு. பொருளியலும் சொல்லில்தான் தொடங்குகிறது. ஒரு நிலத்தை நன்செய் என்று எழுதினால் அதற்கு ஒரு மதிப்பு. புன்செய் என்று எழுதினால் வேறொரு மதிப்பு. தரிசு என்று எழுதிவிட்டாலோ அங்கே ஒன்றும் இல்லை என்று பொருள். எழுதுகோலின் ஒரே அசைவில் ஓர் ஊரின் ஆடும் விறகும் கணக்கிலிருந்து மறைந்துவிடுகின்றன. இன்று நான் பேச விரும்புவது இந்த ஒரு சொல்லைப் பற்றித்தான்.

பாலையைத் தனி நிலமாகக் கொள்ளாமல், முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் இயல்பு கெட்டபோது அடையும் நிலையாகச் சிலப்பதிகாரம் காட்டுவதை இந்த அவை அறியும். அதை நான் ஒரு பொருளியல் கருத்தாகவும் படிப்பதுண்டு. வறட்சி நிலத்தின் பிறவிக் குணமன்று. காலத்தாலும் பயன்பாட்டாலும் நேர்வது. வருவாய்த் துறையின் ஏடுகளில் அந்த நயம் கிடையாது. தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, புறம்போக்கு என்று அங்கே பிரிவுகள். அரசுக்கு வரி தராத நிலம் யாருக்கும் பயன் தராத நிலம் என்ற எண்ணம் ஆங்கிலேயர் காலத்து நிலவரித் திட்டத்தோடு வேரூன்றியது. விடுதலைக்குப் பின்னும் அது மாறவில்லை. கருவி மட்டும் மாறியது. 2000ஆம் ஆண்டு முதல் மைய அரசு, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு இந்தியத் தரிசு நிலங்களின் வரைபடத் தொகுப்பைப் பலமுறை வெளியிட்டிருக்கிறது. வானத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்குப் புதர் தெரியும். புதருக்குள் நடக்கும் தொழில் தெரியாது.

நம் சீமையை எண்ணிப் பாருங்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடும். கரிசலில் மல்லியும் பருத்தியும் கம்பும். கண்மாய்க்குக் கீழே, தண்ணீர் வந்த ஆண்டில் நெல். எஞ்சிய இடமெல்லாம் சீமைக்கருவேல். இந்த மரத்தை நான் போற்ற வரவில்லை. கண்மாய்களின் உள்வாயை அடைத்தது, நாட்டு மரங்களை விரட்டியது, வரத்துக்கால்களைத் தூர்த்தது என்று அதன்மேல் சொல்லப்படும் குற்றங்களில் பெரும்பாலானவை உண்மை. 2017ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென் மாவட்டங்களில் இம்மரத்தை அகற்றும்படி ஆணையிட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். ஆயினும் மழை பொய்த்த ஆண்டுகளில் நம் ஊர்களில் அடுப்பு எரிந்தது எதனால் என்று கேட்டால், விடை இந்த மரம்தான். விறகாக எரிந்தது ஒரு பங்கு. கரியாகி விலைபோய், அந்தக் காசு அரிசியாகி வந்தது மற்றொரு பங்கு.

கரிமூட்டம் போடுவதை அறியாதவர்கள் இங்கே குறைவாகவே இருப்பீர்கள். மரத்தை வெட்டி, தூரைத் தோண்டி, கட்டைகளை வட்டமாக அடுக்கி, வைக்கோலும் தழையும் இட்டு, அதன்மேல் மண்ணைப் பூசித் தீ வைப்பார்கள். காற்று கூடினால் எல்லாம் சாம்பல். குறைந்தால் கட்டை வேகாது. புகையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லக்கூடிய மனிதர்கள் இரவு பகலாக அதன் அருகில் இருப்பார்கள். அந்தப் புகை அவர்களுடைய நெஞ்சில் இறங்குகிறது. முன்பணம் வாங்கியவர் கடன் தீரும்வரை மூட்டத்தை விட்டு நகர முடியாது. இதை அழகான கிராமியத் தொழில் என்று வருணிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இது ஒரு தொழில். இதில் கூலி உண்டு, குத்தகை உண்டு, கொள்முதல் உண்டு. வரைபடத்தில் வெறும் புதர்க்காடாகத் தெரிகிற இடம் உண்மையில் ஓர் எரிசக்தித் தோட்டம்.

இந்த எரிசக்தித் தோட்டத்தை அழித்து வேறோர் எரிசக்தித் தோட்டம் போட ஒரு காலத்தில் முயற்சி நடந்தது. காட்டாமணக்கைச் சொல்கிறேன். 2003ஆம் ஆண்டு திட்டக் குழுவின் அறிக்கை ஒன்று, காட்டாமணக்கு விதையிலிருந்து எடுக்கும் எண்ணெயை டீசலுடன் கலக்கலாம் என்று பரிந்துரைத்தது. 2009இல் வெளியான தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2017க்குள் 20 விழுக்காடு கலப்பு என்ற இலக்கை வைத்தது. உணவுப் பயிருக்குப் போட்டியாக இராமல் தரிசிலும் சீர்கெட்ட நிலத்திலும் மட்டுமே இதைப் பயிரிட வேண்டும் என்றும் அது வற்புறுத்தியது. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! யாருக்கும் பயன்படாத நிலம்; அதில் எண்ணெய்; ஏழைக்கு வேலை; காற்றுக்குத் தூய்மை.

நமக்குப் பக்கத்துத் தாலுகாவான சாத்தூரில் இந்தக் கொள்கையை நேரில் ஆராய்ந்தார் ஜெனிபர் பேகா என்ற அமெரிக்க ஆய்வாளர். தரிசு என்று கொள்கை சொல்லும் இடத்தில் இப்போது என்ன நடக்கிறது என்பதே அவருடைய முதற்கேள்வி. சீமைக்கருவேல் விறகும் கரியும் எங்கெங்கே போகின்றன, எந்த அடுப்பில், எந்த ஆலையில் எரிகின்றன என்று அவர் தொடர்ந்து போனார். பின்னர் ராபர்ட் பெய்லிஸ் என்பவருடன் சேர்ந்து, அதே நிலத்தில் காட்டாமணக்கு வந்தால் கிடைக்கக்கூடிய பயனுள்ள ஆற்றலையும் சீமைக்கருவேல் இப்போது தரும் பயனுள்ள ஆற்றலையும் ஒப்பிட்டு 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். காட்டாமணக்கின் பிண்ணாக்கையும் தோட்டையும் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்து, சீமைக்கருவேல் தருவது அதைப்போல் 2.5 மடங்கிலிருந்து ஏறத்தாழ 10 மடங்கு வரை அதிகம் என்பது அவர்கள் கண்ட விடை. அதாவது, ஒன்றுமில்லாத இடத்தில் ஆற்றலை உண்டாக்கப்போவதாகச் சொன்ன திட்டம், முழுமையாக நிறைவேறியிருந்தால் இந்த வட்டாரத்தின் ஆற்றலைக் குறைத்திருக்கும். திட்டத்தின் பெயரால் நிலங்கள் தரகர் வழியாகக் கைமாறிய கதையையும் பேகா தனியே எழுதியிருக்கிறார்.

காட்டாமணக்கு நம் மண்ணில் எதிர்பார்த்தபடி காய்க்கவில்லை. நாடெங்கும் திட்டம் தேய்ந்து போயிற்று. அது காய்க்காததால் தோற்றது என்றே பலரும் சொல்கிறார்கள். காய்த்திருந்தாலும் கணக்கு தவறுதான் என்பதே அந்த ஆய்வின் சாரம். பொருளியலில் இதற்கு வாய்ப்புச் செலவு என்று பெயர். ஒன்றைப் பெறுவதற்காக எதைக் கைவிட்டோமோ அதுவே அதன் உண்மை விலை. கைவிட்ட பொருளுக்குப் பெயரே இல்லையென்றால் அதன் விலை சுழியம் என்று பதிவாகும். நம் வட்டாரத்தில் நடந்தது அதுதான்.

பொருளியலார் எல்லோரும் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டவர்கள் அல்லர். இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத தே.கல்லுப்பட்டியில் தம் இறுதிக் காலத்தைக் கழித்து 1960இல் மறைந்த ஜே.சி.குமரப்பாவை நாம் நினைக்க வேண்டும். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தவர் அவர். காந்தியடிகளோடு சேர்ந்தபின், செல்வத்தை இருவகையாகப் பிரித்துப் பார்க்கக் கற்பித்தார். நிலக்கரியும் மண்ணெண்ணெயும் தேங்கிய இருப்பு. எடுக்க எடுக்கக் குறையும். குறையக் குறையச் சண்டை மூளும். வெயிலும் காற்றும் ஓடும் நீரும் தொடர்ந்து வரும் வரவு. வரவில் வாழ்பவன் நிலைப்பான் என்பது அவர் கருத்து. சூரியத் தகடுகள் இந்நாட்டில் பெருகுவதற்கு அரை நூற்றாண்டு முன்பே இதைச் சொன்னவரை நம் பாடத்திட்டங்கள் பொருளியலாராக மதிக்கவில்லை என்பது என் நெடுநாள் குறை.

மேலைநாட்டுப் பொருளியல் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தது. 1920இல் ஆர்தர் பிகூ என்ற ஆங்கிலேயர், ஆலைப் புகையால் அண்டை வீட்டார்க்கு நேரும் இழப்பு ஆலையின் கணக்கில் ஏறுவதில்லை என்றும், அதை வரியாக விதித்துக் கணக்கில் ஏற்ற வேண்டும் என்றும் எழுதினார். நம் நாட்டிலும் அத்தகைய வரி ஒன்று வந்தது. 2010இல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் என்று தொடங்கிய மேல்வரி, 2016இல் 400 ரூபாய் ஆயிற்று. தூய எரிசக்திக்கு என்று வசூலித்த அந்தப் பணம், 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது மாநிலங்களுக்கு இழப்பீடு தரும் நிதியாக உருமாறியது. 2025 செப்டம்பரில் அந்த மேல்வரி நீக்கப்பட்டு, நிலக்கரி மீதான சரக்கு சேவை வரி 5 விழுக்காட்டிலிருந்து 18 ஆக உயர்த்தப்பட்டது. எடைக்கு விதித்த வரி விலைக்கு விதிக்கும் வரியாக மாறிவிட்டது. புகை எடையைப் பொறுத்தது, விலையைப் பொறுத்ததன்று. மலிவான தாழ்ந்த ரக நிலக்கரிக்கு இதனால் சுமை குறைகிறது என்பதைப் பிகூ படித்தவர்கள் கவனிக்க வேண்டும்.

வரி ஒரு பக்கம். புதுமை மறுபக்கம். இங்கே பொருளியல் வேறொரு சிக்கலைக் காண்கிறது. புகை பிறருக்குத் தீங்கு தருகிறது. கண்டுபிடிப்போ பிறருக்கு நன்மை தருகிறது. இரண்டுமே செய்தவனுடைய கணக்கில் முழுதாக வருவதில்லை. ஆகவே புகை தேவைக்கு மேல் பெருகும். கண்டுபிடிப்பு தேவைக்குக் கீழே நிற்கும். டேவிட் பாப் என்ற ஆய்வாளர் 1970 முதல் 1994 வரையிலான அமெரிக்கக் காப்புரிமைகளை ஆராய்ந்து, எரிபொருள் விலை ஏறும்போது ஆற்றலைச் சேமிக்கும் கண்டுபிடிப்புகள் பெருகுகின்றன என்று 2002இல் காட்டினார். டேரன் அசெமொக்லுவும் அவருடைய தோழர்களும் 2012இல், வரி மட்டும் போதாது, ஆராய்ச்சிக்கு நேரடி உதவியும் சேர்ந்தால்தான் தொழில்நுட்பம் தூய பாதைக்குத் திரும்பும் என்று நிறுவ முயன்றார்கள்.

இதற்குக் கண்கூடான சான்று சூரியத் தகடு. 1936இல் டி.பி.ரைட் என்பவர் விமானத் தொழிலில் ஒன்றைக் கவனித்தார்: செய்த விமானங்களின் மொத்த எண்ணிக்கை இருமடங்காகும்போதெல்லாம் செலவு ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் குறைகிறது. செய்யச் செய்யக் கை பழகுகிறது என்பதன் கணக்கு வடிவம் அது. சூரியத் தகட்டில் அந்த வீதம் ஒவ்வோர் இருமடங்குக்கும் ஏறத்தாழ 20 விழுக்காடு. கை பழகும்வரை யாராவது அதிக விலை கொடுத்து வாங்கியாக வேண்டும். ஜெர்மனி 2000ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றிச் சூரிய மின்சாரத்துக்கு உயர்ந்த விலையை உறுதி செய்தது. அந்தச் சுமையை அந்நாட்டுக் குடும்பங்கள் தங்கள் மின்கட்டணத்தில் சுமந்தன. சீனத் தொழிற்சாலைகள் உற்பத்தியைப் பெருக்கின. ஜெர்மானியக் குடும்பங்கள் செலுத்திய காசின் பயன் இன்று நம் கரிசலில் வந்து இறங்கியிருக்கிறது. அவர்கள் நமக்காகக் கொடுக்கவில்லை; ஆனாலும் நமக்கும் கிடைத்தது.

திருச்சுழியைக் கடந்து கமுதிப் பக்கம் போனவர்கள் செங்கப்படையில் அந்த நீலப் பரப்பைப் பார்த்திருப்பீர்கள். அதானி குழுமம் 4,550 கோடி ரூபாய் செலவில் 2,500 ஏக்கரில் 25 இலட்சம் தகடுகளை நிறுத்தி, 648 மெகாவாட் திறனுள்ள நிலையத்தை 2016இல் முடித்தது. ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின் நிலையங்களுள் அன்று உலகிலேயே பெரியது என்று சொல்லப்பட்டது. தமிழ்நாட்டு மின் பகிர்மானக் கழகம் யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு வீதம் 25 ஆண்டுகளுக்கு வாங்குவதாக 2015இல் ஒப்பந்தம் செய்தது. அடுத்த இரண்டே ஆண்டில், 2017இல், அதே கழகம் ஏலம் விட்டபோது சூரிய மின்சாரத்தின் விலை 3 ரூபாய் 47 காசுக்கு இறங்கிவிட்டது.

பாதி விலைக்குக் கிடைக்கும் பொருளை இரட்டை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று மேடைதோறும் பேசப்பட்டது. கோபத்தை ஒருபுறம் வைத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஒரு மெகாவாட் நிலையம் நம் வெயிலில் ஆண்டுக்கு ஏறத்தாழ 16 இலட்சம் யூனிட் தரும். 7 ரூபாய் வீதம் ஆண்டு வரவு 1 கோடியே 12 இலட்சம். அன்றைய செலவோ மெகாவாட்டுக்கு 7 கோடி. வட்டியும் தேய்மானமும் பராமரிப்பும் போக இது கொள்ளை இலாபமன்று. அதே செலவில் 3 ரூபாய் 47 காசுக்கு விற்றால் முதலே திரும்பாது. ஆகவே 2015இல் அந்த விலை நியாயமற்றது என்று சொல்வது கடினம். குறை வேறிடத்தில் இருக்கிறது. விழுந்துகொண்டே இருக்கும் விலையை ஏலமின்றி ஆணையால் நிர்ணயித்து, 25 ஆண்டுகளுக்கு அசையாமல் கட்டிவைத்ததுதான் குறை. ஒரு மெகாவாட்டுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 57 இலட்ச ரூபாய் வேறுபாடு. அதை மின்நுகர்வோரோ அரசோ சுமக்க வேண்டும்.

விலையில் இன்னொரு பங்கும் ஒளிந்திருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தின் நிக்கலஸ் ரயன், இந்தியச் சூரிய மின் ஏலங்களை ஆராய்ந்து ஒன்றைக் கண்டார்: பணம் கொடுப்பதில் காலம் தாழ்த்தும் மாநிலங்களுக்கு நிறுவனங்கள் அதிக விலை கேட்கின்றன, மைய அரசின் நிறுவனம் இடையில் நின்று பணத்துக்குப் பொறுப்பேற்றால் அந்தக் கூடுதல் மறைந்துவிடுகிறது. கைமாற்றுக் கடனில் நாம் அன்றாடம் காண்பதுதானே இது! நாணயம் குறைந்தவனுக்கு வட்டி அதிகம். வாங்குவதாக ஒப்புக்கொண்ட மின்சாரத்தையும் வாங்காமல் உற்பத்தியைக் குறைக்கச் சொன்ன வழக்கில், அது மின்தொகுப்பின் பாதுகாப்புக்காக அன்றி வணிகக் காரணங்களுக்காகவும் நடந்தது என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் முடிவுசெய்து, நமது மாநிலக் கழகம் இழப்பீடு தர வேண்டும் என்றது. இத்தகைய நடத்தைக்கான கட்டணத்தையும் அடுத்த ஒப்பந்தத்தின் விலையில் நாமே செலுத்துகிறோம்.

இத்தனை நுட்பமான ஆய்வுகளிலும் ஓர் இடம் வெற்றிடமாகவே இருக்கிறது. நிலம். கமுதியின் கணக்குப்படி மெகாவாட்டுக்கு ஏறத்தாழ 4 ஏக்கர். அப்படியானால் ஓர் ஏக்கர் ஆண்டுக்கு 4 இலட்சம் யூனிட் விளைவிக்கிறது. 2017இன் ஏல விலையில் பார்த்தாலும் அது ஏறத்தாழ 14 இலட்ச ரூபாய். மல்லியும் கம்பும் விளையும் மானாவாரி ஏக்கர் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆகவே நிலம் மாறுவது சரி என்று கணக்கு சொல்கிறது. நானும் அதை மறுக்கவில்லை; நிலக்கரியின் புகையை நினைத்தால் மறுக்கவும் கூடாது. ஆனால் அந்த 14 இலட்சத்தில் எவ்வளவு யாருக்கு? பட்டா வைத்திருப்பவர் விலையோ குத்தகையோ பெறுகிறார். பட்டா இல்லாமல் அந்த நிலத்தால் வாழ்ந்தவர்?

கீதாரியை எடுத்துக்கொள்ளுங்கள். அறுவடை முடிந்த நிலத்திலும் தரிசிலும் கண்மாய்க் கரையிலும் ஆட்டை மேய்த்து, இரவில் ஒருவர் புஞ்சையில் கிடை போடுகிறார். கிடைக்கு அவருக்குக் கூலி, நிலத்துக்கு உரம். 2,500 ஏக்கருக்கு வேலி வந்தால் மேய்ச்சல் மட்டுமா போகிறது? வேலிக்கு வெளியே இருக்கும் சம்சாரி கிடை உரத்தை இழந்து மூட்டை உரம் வாங்குகிறார். அந்தச் செலவு சூரிய மின்சாரத்தின் விலையில் சேராது. உர மானியமாக அரசின் வேறொரு துறையில் பதிவாகும். விறகு பொறுக்கிய பெண் எரிவாயு உருளைக்குக் காசு தேடுகிறார். கரிமூட்டக் கூலி திருப்பூருக்குப் பேருந்து ஏறுகிறார். இவற்றுள் எந்த மாற்றமும் தீங்கு என்று முன்கூட்டியே முடிவுகட்டக் கூடாது. மூட்டத்தின் புகையிலிருந்து ஒருவர் விடுபடுவது நல்லதாகவும் இருக்கலாம். எண்ணிப் பார்க்காமல் நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல முடியாது என்பதுதான் என் வாதம்.

எண்ணும்படி யாரையும் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் அனுமதி பெற வேண்டிய திட்டங்களின் பட்டியலில் சூரிய ஒளி மின் நிலையம் இல்லை. தூய ஆற்றல் என்பதால் அதற்கு மதிப்பீடு வேண்டாம் என்று கருதினார்கள். காற்றைப் பொறுத்தவரை அது சரி. வரத்துக்காலைப் பொறுத்தவரை சரியாகுமா? நம் கண்மாய்கள் ஒன்றன் மறுகால் அடுத்ததன் வரத்தாகச் சங்கிலியாய் அமைந்தவை. இராமநாதபுரம் சீமைக் கண்மாய்களை டேவிட் மோஸ் என்ற மானிடவியலாளர் ஆராய்ந்து 2003இல் நூலாக்கியிருக்கிறார். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் அ.வைத்தியநாதன் தென்னிந்திய ஏரிகளைப் பற்றி 2001இல் எழுதினார். பொதுவளங்களை ஊரார் தாமே விதி வகுத்துக் காக்க முடியும் என்று காட்டிய எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009இல் நோபெல் பரிசு கிடைத்தது. மடை திறக்கும் முறையும் நீர்ப்பாய்ச்சியின் கூலியும் அறிந்த நமக்கு அவர் சொன்னது புதிதன்று. மேட்டில் நூறு ஏக்கரைச் சமன் செய்தால் பள்ளத்துக் கண்மாய்க்கு எவ்வளவு நீர் குறையும் அல்லது கூடும் என்பது அளக்கக்கூடிய ஒன்று. அளக்கும் பொறுப்புதான் யாருக்கும் இல்லை.

அளந்தாலும் போதாது; அளப்பவர் யாரிடம் கூலி வாங்குகிறார் என்பதும் முக்கியம். குஜராத்தில் ஆலைகளின் மாசை ஆண்டுதோறும் தனியார் தணிக்கையாளர் அளந்து அறிக்கை தருவது விதி. அப்போது தணிக்கையாளரை ஆலையே அமர்த்தி, ஆலையே பணம் தந்தது. எஸ்தர் டுஃப்ளோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கலஸ் ரயன் ஆகிய நால்வரும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துடன் சேர்ந்து 473 ஆலைகளில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பகுதி ஆலைகளுக்குத் தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். பொது நிதியிலிருந்து கூலி கொடுத்தார்கள். அவர் அளந்ததைப் பிறரைக் கொண்டு மறுபடி அளந்து பார்த்தார்கள். பழைய முறையில் பெரும்பாலான ஆலைகள் விதி விளிம்புக்குச் சற்றே கீழே இருப்பதாக அறிக்கைகள் கூறிக்கொண்டிருந்தன. புதிய முறையில் உண்மை வெளிவந்தது. அதோடு ஆலைகள் மாசையும் குறைத்தன. 2013இல் இதன் முடிவுகள் வெளியாயின. பின்னர் 2019இல் சூரத்தில் புகைத்துகளுக்கு உச்சவரம்பு வைத்து, அனுமதிச் சீட்டுகளை ஆலைகள் தமக்குள் வாங்கி விற்கும் சந்தையும் தொடங்கப்பட்டது. அங்கே துகள் மாசு 20 முதல் 30 விழுக்காடு குறைந்ததாக அதே மரபில் வந்த ஆய்வு கூறுகிறது.

புதுக்கருவி கொடுத்தால் போதும் என்ற நம்பிக்கையையும் இத்தகைய கள ஆய்வுகள் அசைத்திருக்கின்றன. ஒரிசாவில் புகை குறைந்த அடுப்புகளைக் குடும்பங்களுக்குக் கொடுத்து நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, முதலாண்டில் தெரிந்த நன்மை பின்னர் மறைந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் அடுப்பு குற்றமற்றது. வீட்டில் அதை ஒழுங்காகப் பயன்படுத்தவும் பழுது பார்க்கவும் யாருக்கும் நேரமோ காசோ ஆர்வமோ இல்லை. இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர்களில் பழுதாகி நிற்கும் சூரியத் தெருவிளக்குகள் நினைவுக்கு வந்தன.

கடைசியாக ஒன்று. நிலத்தை விற்றுவிட்டு வெளியே நிற்பது ஒன்றே வழியன்று. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் துண்டி என்ற சிற்றூரில், ஆறு உழவர்கள் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் 2016 முதல் தங்கள் சூரியப் பம்புகளின் உபரி மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. யூனிட்டுக்கு 4 ரூபாய் 63 காசு வீதம் 25 ஆண்டு ஒப்பந்தம். மின்சாரம் இலவசமானால் நீரை இறைத்துக்கொண்டே இருக்கத் தோன்றும். 1990 முதல் நம் மாநிலம் அதை அறியும். மின்சாரத்தை விற்கலாம் என்றால், ஒரு மணி நேரம் கூடுதலாக இறைப்பது ஒரு மணி நேர வருமானத்தை இழப்பதாகிறது. வெயிலும் ஒரு விளைச்சல். அதை நிலத்தில் நின்றபடியே அறுக்கலாம். துண்டிக்கு வெளி நிறுவனங்களின் மானியமும் மேற்பார்வையும் துணையிருந்தன என்பதை மறைக்கக் கூடாது. ஆழ்கிணறு குறைந்து, பல இடங்களில் நீர் உவர்த்திருக்கும் நம் வட்டாரத்துக்கு அதை அப்படியே பெயர்த்து நடவும் முடியாது. பத்து மானாவாரிக்காரர்கள் சேர்ந்து தங்கள் நிலத்தில் ஆளுக்கு அரை ஏக்கரை ஒதுக்கினால் ஒரு மெகாவாட்டுக்கு மேல் வரும். அதற்கு வேண்டிய கடனையும் துணைமின் நிலைய இணைப்பையும் யார் தருவார் என்பதுதான் கேள்வி.

இந்த வட்டத்தில் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். கிராம நிர்வாக அலுவலராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களும் இருக்கிறீர்கள். ஒரே ஒரு வருவாய்க் கிராமத்தை எடுத்துக்கொண்டு, அடங்கலில் தரிசு என்று குறித்துள்ள ஒவ்வொரு புல எண்ணிலும் ஓராண்டில் எத்தனை ஆடு மேய்ந்தது, எத்தனை மூட்டம் போடப்பட்டது, விறகு எத்தனை வீட்டுக்குப் போனது, வரத்து எந்தக் கண்மாய்க்கு இறங்கியது என்று எழுதிவைக்க உங்களால் முடியும். நாளை வேலி போட யாரேனும் வரும்போது அந்த ஏடு மேசைமேல் இருக்கட்டும். அதற்கான படிவம் ஒன்றைத் தயாரித்து இன்று காலையில் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். திருத்தம் சொல்ல விரும்புவோர் அவரிடமே வாங்கிப் பார்க்கலாம்.